பன்றியா, மூஸா? ரைபிள் குண்டின் எடையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் ஆல்பர்ட்டாவிலிருந்து என் சித்தி மகன் போன் செய்தான். குலுக்கலில் அவனுக்கு மூஸ் என்ற ராட்சத மான் வகைக்கான வேட்டை லைசென்ஸ் விழுந்திருக்கிறது, கையில் .30-06 ரைபிள் இருக்கிறது, ஆனால் கடையில் போய் நின்றால் 150, 165, 180, 220 என்று நான்கு எடையில் தோட்டா அடுக்கியிருக்கிறார்கள், "எதை எடுக்கட்டும் அண்ணா?" என்றான். அதே வாரம் இங்கே பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக்காட்டுக்காரர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். "பன்னிதானே, அதுக்கு எதுக்குங்க இத்தனை கனமான குண்டு? லேசா ஒண்ணு கிடைக்காதா?" இரண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. போனில் பாதி, காட்டில் பாதி சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் கேட்டால் இதுதான்: நல்ல ஷாட் கிடைக்கும் என்று நம்பி எடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடியதிலேயே மோசமான கோணம் எது, மிக நெருக்கமான தூரம் எது என்று பார்த்து, அதற்குத் தாங்கும் எடையை எடுங்கள். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிடலாம்

இந்தியாவில் வேட்டை கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று மிளா, காட்டெருமை, மான் எதன் மேலும் துப்பாக்கியைத் திருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. எங்கள் பக்கம் நடப்பது பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவது மட்டும். 2022 மே மாதம் கேரள அரசு அந்த உத்தரவு போடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் மேயர்களுக்கும் கொடுத்தது, பிறகு நீட்டித்தும் வந்திருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி உள்ள, பட்டியலில் பெயர் உள்ள ஆள்தான் சுடலாம். விஷம், வெடி, மின்வேலி எதுவும் கூடாது. இறைச்சியைத் தொடக் கூடாது.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் சில இடங்களில் ஒரு வரப்புதான் மாநில எல்லை. இந்தப் பக்கம் அடிபட்ட பன்றி அந்தப் பக்கம் ஓடிவிட்டால் உங்கள் ஊராட்சி உத்தரவு அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடே வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்வார்கள். ஆகவே இங்கே பன்றி நின்ற இடத்திலேயே, அதிகம் போனால் பத்தடிக்குள், விழுந்தாக வேண்டும். குண்டின் எடை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுவதற்கு இது பாதிக் காரணம்.

குண்டு வேறு, தோட்டா வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் கேப்பு, உள்ளே மருந்து, மூக்கில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பெட்டியில் 180 என்று போட்டிருந்தால் அது குண்டின் எடை மட்டும். அளவு கிரெயின். ஒரு வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து வந்தது, இன்றைய கணக்கில் 64.8 மில்லிகிராம். நம் தட்டான்கடையில் ஒரு காலத்தில் தராசில் வைத்த குன்றிமணி ஏறத்தாழ 120 மில்லிகிராம், ஆகவே இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. கிராமுக்கு மாற்ற 15.43-ஆல் வகுத்தால் போதும். 150 கிரெயின் 9.7 கிராம், 180 என்றால் 11.7, 220 என்றால் 14.3. எங்கள் .315 ரைபிளில் போடும் இந்தியத் தயாரிப்புத் தோட்டாவில் குண்டு 244 கிரெயின், கிட்டத்தட்ட 15.8 கிராம்.

படி 1: எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

பெட்டியைத் தொடுவதற்கு முன் மிருகத்தைப் பாருங்கள். எத்தனை கிலோ என்பது பெரிய விஷயமில்லை, தோலிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

காட்டுப்பன்றிக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது ஒரு சாண் ஆழம் போனாலே வேலை முடிந்துவிடும், இதைப் பார்த்துத்தான் லேசான குண்டு போதும் என்கிறார்கள். ஆனால் வளர்ந்த ஆண் பன்றிக்கு முன்சப்பை மேல் குருத்தெலும்பு மாதிரி ஒரு கேடயம் உண்டு, இனச்சேர்க்கைக் காலத்தில் அது இன்னும் தடிக்கும், ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்தும்போது தாங்கத்தான் அது. அதற்கு அடியில் சப்பை எலும்பு. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டும் பன்றி நமக்காகப் பக்கவாட்டில் திரும்பி நிற்பதும் இல்லை. முக்கால்வாசி நேரம் பின்பக்கம் சாய்வாகவோ, தலையைக் கவிழ்த்து நேர் எதிராகவோதான் நிற்கிறது. பின்பக்கத்துச் சாய்வில் அடித்தால் குண்டு வயிற்றையும் அதில் உள்ள ஈரத் தீனியையும் கடந்து நெஞ்சுக்குப் போக வேண்டும். அது ஒரு சாண் இல்லை, இரண்டு சாணுக்கும் மேல்.

மூஸுக்கும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் பெரிது. ஆண் மூஸ் 400, 500 கிலோவுக்குச் சாதாரணமாகப் போகும். தம்பியிடம் ஒரு தாளில் மூஸை மேலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொன்னேன். நான்கு திசையிலிருந்தும் நெஞ்சுக்குக் கோடு போட்டு, அதில் மிக நீளமான கோட்டைப் பார்த்துக் கடைக்குப் போ என்றேன். பின்பக்கத்திலிருந்து நேராக வரும் கோட்டை அடித்துவிடச் சொன்னேன், அந்த ஷாட்டை எந்த எடையிலும் எடுக்கக் கூடாது.

படி 2: எடை கூடினால் என்ன மாறுகிறது?

கூடு ஒன்றுதான். குண்டு கனமானால் வேகம் குறையும். .30-06-இல் 150 கிரெயின் நொடிக்குச் சுமார் 885 மீட்டரில் குழலை விட்டுக் கிளம்பும், 180 சுமார் 820 மீட்டரில், 220 சுமார் 730 மீட்டரில். ஆற்றலைக் கணக்குப் போட்டால் மூன்றும் 3,800 முதல் 3,950 ஜூலுக்குள் வந்து நிற்கும். கிட்டத்தட்ட ஒன்றுதான்! பெட்டியில் ஆற்றல் எண்ணைப் பார்த்துத் தோட்டா வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மாறுவது அந்த ஆற்றல் செலவாகும் விதம்.

ஒரே விட்டத்தில் எடை கூட வேண்டும் என்றால் குண்டு நீளமாகத்தான் ஆக வேண்டும். நீளமான குண்டுக்குப் பின்னால் தள்ளும் கனம் அதிகம், ஆணியும் குண்டூசியும் மரத்தில் இறங்கும் வித்தியாசம் மாதிரி. இதை செக்‌ஷனல் டென்சிட்டி என்பார்கள்: கிரெயின் எடையை 7000-ஆல் வகுத்து, பிறகு அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். .30 குழலுக்கு 150 கிரெயின் 0.226, 165 என்றால் 0.248, 180 என்றால் 0.271, 220 என்றால் 0.331. ஈயமும் செம்பும் சேர்ந்த சாதாரண வேட்டைக் குண்டுக்கு என் கணக்கு இப்படி: மான் அளவுக்கு 0.22 போதும், பெரிய பன்றிக்கு 0.25-க்கு மேல், மூஸ், எல்க் மாதிரிக்கு 0.27-க்குக் கீழே போகாதீர்கள்.

கரமோஜோ பெல் என்று பெயரெடுத்த வால்டர் பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் ரைபிளில், 173 கிரெயின் சாலிட் (விரியாத) குண்டால். விட்டம் சிறியது, ஆனால் நீளம் அதிகம், செக்‌ஷனல் டென்சிட்டி 0.3-க்கு மேல். மூளைக்கு நேராக வைக்கத் தெரிந்த கையும் அவருக்கு இருந்தது, அதை மறந்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லக் கூடாது. யானைகளைக் கொன்ற அந்தக் கணக்கைப் படிக்கும்போது மனசு கனக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் நீளமான குண்டு ஆழம் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம், ஆந்திரச் சித்தூர் காடுகளிலும் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் (நம் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை) .405 வின்செஸ்டர் வைத்திருந்தார், அதற்கு 300 கிரெயின் குண்டு. விட்டம் பெரியதால் 300 இருந்தும் செக்‌ஷனல் டென்சிட்டி 0.254-தான். மெல்லிய தோல் உள்ள புலி, சிறுத்தைக்கு அது தாராளம். எடையை மட்டும் தனியாக வைத்துப் பேச முடியாது என்பதற்காகத்தான் இரண்டையும் சொன்னேன்.

சில நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மூஸைச் சுட, குண்டு குறைந்தது 9 கிராம் இருந்தால் 100 மீட்டரில் 2,700 ஜூல் மிஞ்ச வேண்டும், 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூலே போதும். கனமான குண்டுக்கு ஆற்றலில் சலுகை. எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக மூஸ் சுட்ட அனுபவம் அந்த இரண்டு எண்ணுக்குள் இருக்கிறது. ஆப்பிரிக்க எருமை, யானைக்குப் பல நாடுகளில் .375-தான் குறைந்தபட்சம், 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டில் அதற்கு 300 கிரெயின் போடுவார்கள்.

படி 3: குண்டு எப்படிச் செய்யப்பட்டது?

எடையைத் தேர்ந்தெடுத்து இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. 180 கிரெயின் பட்டவுடன் நொறுங்கி 90 ஆகிவிட்டால் நீங்கள் வாங்கியது 90 கிரெயின்.

மூக்கில் ஈயம் வெளியே தெரிவது சாஃப்ட் நோஸ். பட்டதும் காளான் மாதிரி விரியும், பெரிய காயம் போடும். போருக்கான இந்த வகைக் குண்டு பேர் பெற்றது நம் நாட்டில்தான், கொல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில், 1890-களில். 1899-இல் ஹேக் மாநாடு போரில் இதைத் தடை செய்தது, வேட்டையிலோ இதுவே வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் விரியாத குண்டு ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மிருகம் மைல் கணக்கில் ஓடிச் சாகும். முழு உறை போட்ட ராணுவக் குண்டை எந்த மிருகத்தின் மேலும் போடாதீர்கள்.

அடுத்து பாண்டட் குண்டு: ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டியிருக்கும். அப்புறம் முழுச் செம்புக் குண்டு, பெரும்பாலும் சிதறாது. செம்புக்கு அடர்த்தி குறைவு என்பதால் ஒரே எடைக்கு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும், எடையும் குறையாமல் உள்ளே போகும், ஆகவே ஈயத்தில் 180 எடுப்பவர் செம்பில் 150 அல்லது 165 எடுத்தால் அதே ஆழம் கிடைக்கும். டென்மார்க் 2024 ஏப்ரலிலிருந்து ரைபிளுக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது, கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயம் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் மாகாண விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது 180 பாண்டட், அது கிடைக்காவிட்டால் 165 செம்பு. 220-ஐ விடச் சொன்னேன், அடர்ந்த புதரில் கரடி எதிரே வருமிடத்துக்கு அது நல்லது, அவனுடைய திறந்த சதுப்புக்கு வேண்டாம்.

படி 4: தூரம், எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம்

"பக்கத்துலதானே அடிக்கிறோம், லேசான குண்டு போதும்." இதை நான் நூறு முறை கேட்டிருப்பேன். உண்மை நேர் எதிர். குண்டின் வேகம் குழல் வாயில்தான் உச்சம். பரண் மேலிருந்து 25 மீட்டரில் பன்றியைச் சுடும்போது லேசான வேகமான குண்டு தன் முழு வேகத்தில் கேடயத்தின் மேல் மோதுகிறது, மோதிய வேகத்திலேயே சிதறிவிடுகிறது. மேலே கைப்பிடி அளவு சதை பிய்ந்திருக்கும், உள்ளே நுரையீரலில் ஒன்றுமே ஆகியிருக்காது. அதே குண்டு 200 மீட்டரில் வேகம் தணிந்து போய் அழகாக வேலை செய்யும். ஆகவே கிட்டத்தில் சுடுகிறவருக்குத்தான் கனமான, கட்டுக்கோப்பான குண்டு வேண்டும்.

தூரத்தில் பிரச்சினை வேறு. பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் வேகம் நொடிக்கு 550 மீட்டருக்குக் கீழே போனால் சரியாக விரியாது. ரொம்பக் கனமாக எடுத்து, தூரத்தில் அடித்தால் அந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பதைப் பற்றிப் பலரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 180 மீட்டருக்கு சைட் (குறிபார்க்கும் அமைப்பு) சரிசெய்து வைத்த .30-06-இல் 150-க்கும் 180-க்கும் 270 மீட்டரில்கூட ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். அதற்காக எடையைக் குறைக்க வேண்டாம்.

.315-உம் பன்னிரண்டு போர் (12 bore) ரவைத் துப்பாக்கியும்

இந்தியாவில் .303 தனியாருக்குத் தடை, .315 அனுமதி, அதனால்தான் எங்கள் பக்கம் ரைபிள் என்றால் பெரும்பாலும் .315. கடலைக்காட்டுக்காரருக்கு நான் சொன்ன பதில்: லேசான குண்டு கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். 244 கிரெயின் சாஃப்ட் நோஸ் நீளமானது, .30-06-ஐவிட மெதுவாகப் போவது, நெருக்கத்தில் பன்றிக்கு அது நல்ல பொருத்தம், எலும்பில் சிதறுவது குறைவு. எடையில் தேர்வு இல்லாததால் உங்கள் தேர்வெல்லாம் கோணத்திலும் தூரத்திலும்தான். 80 மீட்டரைத் தாண்டி நான் சுடுவதில்லை.

பன்னிரண்டு போர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்ஜி என்ற பெரிய ரவை ஒவ்வொன்றும் சுமார் 70 கிரெயின், எஸ்ஜி அதைவிடச் சிறிது. ஒரு தோட்டாவில் உள்ள எல்லா ரவையையும் கூட்டி "நானூறு கிரெயின் போகுதுல்ல" என்று கணக்குப் போடக் கூடாது. பன்றிக்குள் போவது தனித்தனி 70 கிரெயின் உருண்டைகள், உருண்டை என்பதால் நீளமே கிடையாது, ஆழமும் போகாது. நான் லைசென்ஸ் வாங்கிய புதிதில் அப்பாவின் இரட்டைக் குழலில் எல்ஜி போட்டு ஒரு பன்றியைச் சுட்டேன். 40 அடி எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்த தூரம் உண்மையில் 40 மீட்டருக்கு மேல் இருந்தது. பன்றி குலுங்கியது, கத்தியது, கரும்புக்குள் போய்விட்டது. இரவு முழுக்கத் தேடினோம். மூன்றாம் நாள் நாற்றம் காட்டிக்கொடுத்தது. சப்பையில் நான்கு ரவை, எல்லாம் கேடயத்திலேயே நின்றிருந்தது. அது எத்தனை மணி நேரம் உயிரோடு கிடந்தது என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதன்பிறகு எல்ஜியை 25 மீட்டருக்கு மேல் நான் தொட்டதில்லை. ஸ்லக் கிடைத்தால் ஸ்லக்: ஒரே கட்டி, ஓர் அவுன்ஸ், 437 கிரெயின், 50 மீட்டருக்குள் பன்றியை அங்கேயே படுக்க வைக்கும்.

படி 5: உங்கள் துப்பாக்கிக்கும் தோளுக்கும் ஒத்துவருகிறதா?

குழலுக்குள் உள்ள முறுக்குதான் குண்டைச் சுழல வைக்கிறது. நீளமான குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். .30-06-இல் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 150 முதல் 220 வரை எல்லாம் ஓடும். மற்ற ரைபிள்களில் குழலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். காகித இலக்கில் ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துளை மாதிரி நீளமாக விழுந்தால் குண்டு நிலைகொள்ளாமல் புரள்கிறது, அந்த எடை அந்தக் குழலுக்கு ஆகாது.

பின்னுதைப்பும் கூடும். கனமான குண்டைப் போட்டுவிட்டு, உதைக்குமே என்று கண்ணை மூடி விசையை இழுத்தால் என்ன பயன்? ஐந்து ரவுண்டு சுட்டுப் பாருங்கள், கை தானாகச் சுருங்கினால் ஒரு படி எடை குறையுங்கள். நெஞ்சில் பட்ட 165, குடலில் பட்ட 180-ஐவிட ஆயிரம் மடங்கு மேல்.

எடை மாற்றினால் சைட்டை மறுபடி வைத்தே ஆக வேண்டும். 150-க்கு வைத்த சைட்டில் 180 வேறு இடத்தில் விழும். ரைபிள் சங்க ரேஞ்சில் ஒரே பெட்டி, ஒரே லாட் தோட்டாவில் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றும் ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கும் தூரம்தான் உங்கள் தூரம்.

படி 6: பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இதைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் எங்கள் ஊருக்குச் செல்லாது. கனமான குண்டு மறுபக்கம் வெளியே வரலாம். காற்றில் தடையில்லாமல் போகும் ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும், முதலமடையின் மாந்தோப்பில் காவல் குடிசை எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரியாது, வாய்க்கால் கரையில் தண்ணீர் திருப்ப வந்தவர் நின்றிருப்பார். பலரும் இதற்குப் பயந்து லேசான குண்டைத் தேடுகிறார்கள். அது தவறான மருந்து, லேசான குண்டும் தவறினால் கிலோமீட்டர் கணக்கில்தான் போகும். சரியான மருந்து பரண். பத்து, பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போய்விடும். பரணுக்கு வழியில்லாவிட்டால் மண் வரப்போ மேடோ பின்னணியில் வரும்வரை காத்திருங்கள். பாறை ஆகாது, தெறிக்கும். பகலிலேயே போய் எந்தத் திசையில் சுடக் கூடாது என்று குச்சி நட்டுவிட்டு வாருங்கள்.

படி 7: குண்டைத் தேடி எடுங்கள்

வனத்துறை ஆட்கள் வந்து மகஜர் (சம்பவ அறிக்கை) எழுதிப் புதைப்பதற்கு முன், அவர்கள் அனுமதியோடு, மறுபக்கத் தோலுக்கு அடியில் கட்டி மாதிரி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் குண்டு அங்கேதான் நிற்கும், தோல் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழுவி நகைத் தராசில் வையுங்கள். முக்கால் பங்கு எடைக்கு மேல் மிஞ்சி, முன்பக்கம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விரிந்திருந்தால் அந்த எடையும் அந்தத் தயாரிப்பும் உங்களுக்குப் பொருத்தம். பாதிக்கும் கீழே போயிருந்தால் அடுத்த முறை ஒரு படி கனமாகவோ, பாண்டட் ஆகவோ மாற்றுங்கள். விரியாமல் முழுசாக வெளியே போயிருந்தால் குண்டு உங்கள் தூரத்துக்கு ரொம்பக் கெட்டி.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, தூரம், கோணம், பட்ட இடம், விழும்வரை எத்தனை அடி ஓடியது, எடுத்த குண்டின் எடை. கடைசிப் பதிவு இப்படி இருக்கிறது: 30 மீட்டர், பரண், பின்பக்கச் சாய்வு, 15.8-இல் 12.9 கிராம் மிச்சம், ஆறு அடி. எல்லை வரப்புக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது. மூஸ் முடிந்ததும் தம்பியும் அவன் குண்டை எடைபோட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், அதற்கு அடுத்த வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.